முதலை முதுகைச் சுற்றிப் போட்ட கோடு

பிப்ரவரி 9, ஞாயிறு

முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. முதலை முதுகில் விழுந்தேன். விழுந்தேன் என்றால் சைக்கிளோடு உருண்டுவிடவில்லை. தள்ளிக்கொண்டு ஏறும்போது கால் வழுக்கி சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நல்லவேளை, நான் வலது பக்கம் விழுந்தேன். இடது பக்கம் விழ இடமே இல்லை. பள்ளம்தான்.

எழுந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

இன்றோடு இந்த வழியை முழுசாகப் பார்த்தாகிவிட்டது. எங்கள் பஸ் நிலையத்திலிருந்து கடல் வரைக்கும், முடிந்தவரை தார் ரோட்டில் ஏறாமல். கால்வாய்க் கரை, வயலோர மண் பாதை, காட்டை ஒட்டி வண்டித் தடம், நடுவில் இந்தப் பாறை முகடு, அப்புறம் மேய்ச்சல் வெளி, கடைசியில் மணல். இரண்டு வருடமாகக் கிடைத்த லீவையெல்லாம் இதில் போட்டிருக்கிறேன். முகட்டுக்கு முதலை முதுகு என்று பெயர் வைத்ததும் நான்தான். மேடு பள்ளமாக, சொரசொரவென்று, எப்போது திரும்பிக் கடிக்கும் என்று தெரியாமல் இருக்கிறது.

வீட்டுக்காரர் மருந்து போட்டுக்கொண்டே, "லீவுன்னா மத்தவங்க தூங்குவாங்க. நீ மட்டும் போய்க் காயம் வாங்கிட்டு வர்றே" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பல் செட் செய்கிற வேலையில் கை வலித்தது. ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல் செட் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்க்கும்போதெல்லாம் முழங்கை ஞாபகப்படுத்துகிறது.

சாயங்காலம் வாண்டு வந்து கட்டு மாற்றிவிட்டாள். வயது இருபத்து மூன்று ஆகிறது; இன்னும் வீட்டில் வாண்டுதான். வேலையை விட்டுவிட்டாள், அடுத்த வேலை ஏப்ரல் கடைசியில்தான். "நடுவுல சும்மாதானே இருக்கேன், நீ பார்த்த ரூட்ல நானும் அவளும் போறோம்" என்றாள். அவள் என்றால் கூடப் படித்த நெட்டச்சி.

எனக்கு வாயெல்லாம் பல். என் கோட்டில் என் மகள் போகிறாள் என்றால் சும்மாவா? ஜிபிஎஸ் பதிந்த கோட்டை உடனே அவள் போனுக்கு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 23

வாண்டு சைக்கிளுக்குப் பைகள் வாங்கி வந்திருக்கிறாள். வீட்டையே கட்டி எடுத்துக்கொண்டு போவாள் போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நெட்டச்சி மாடிப்படியில் கால் தவறிக் கணுக்கால் உடைந்துவிட்டது. மாவுக்கட்டு. பாவம் அந்தப் பெண், போனில் அழுதாளாம்.

அப்படியானால் பயணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். சாப்பிடும்போது வாண்டு சாதாரணமாகச் சொல்கிறாள்: "நான் தனியாப் போயிட்டு வந்துடறேன்."

அப்புறம் நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "நீ தனியாத்தானேம்மா போனே?" என்று மட்டும் கேட்டாள். நான் போனா அது வேற. ஏன் வேற? வேறதான்.

மார்ச் 8, சனி

இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வழி பார்த்துக் கொடுக்கிற இந்தப் பதினோரு வருடத்தில் என் கோடுகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் போயிருப்பார்கள்? முகம் தெரியாதவர்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. "ரொம்ப நன்றி, அருமையான வழி" என்று செய்தி வரும். நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவேன். ஒரு நாளாவது, ஐயோ அந்தத் தபால்காரர் என்ன ஆனாரோ என்று நினைத்தேனா? அவரைப் பெற்றவளும் எங்கேயோ இருந்திருப்பாளே.

இப்போது கண்ணை மூடினால் முதலை முதுகின் மூன்றாவது பாறைப் படிதான் வருகிறது. இடுப்பு உயரம். வெறும் சைக்கிளோடு நானே தடுமாறினேன். அவளிடம் கூடாரம், அடுப்பு, துணி, தண்ணீர் எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் அங்கே தூக்க வேண்டும். போன் சிக்னலே கிடைக்காத இடம்.

மார்ச் 12, புதன்

செயின் அண்ணன் கடைக்குப் போனேன். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் முதலில் செயினைப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். எங்கள் குழுவில் வழி பார்க்கும் வேலையை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தின் மேல் கோடு போடுவோம். அப்புறம் அதன் மேல் ஓட்டிப் போவோம். போகப் போக ஜிபிஎஸ் நம் பாதையைப் பதிந்துகொண்டே வரும். அந்தப் பதிவைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். நாற்காலிக் கோட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எங்களுக்கு இருக்கிற ஒரே சட்டம் அது.

"முதலை முதுகை எடுத்துடலாமான்னு பாக்கறேண்ணே."

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு. தள்ளணும்னு குறிப்புல எழுதியிருக்கே இல்ல?"

"எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன. தள்ளிட்டுப் போவா. கை கால் நல்லா இருக்கிற பொண்ணுதானே."

இவருக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேரும் சைக்கிளைத் தொடுவதே இல்லை. இவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 15

வாண்டு பைகளை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். திரும்பும்போது நம் வாசலிலேயே சாய்ந்து விழுந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார். நான் மட்டும் ஓடிப் போய் அவள் முழங்காலைத் தடவிப் பார்த்தேன்.

"நீ பயப்படறதுக்கு யாராவது சம்பளம் குடுத்தா நாம இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்" என்கிறார் இவர்.

மார்ச் 19, புதன்

செய்துவிட்டேன்.

மதியம் வேலை இடைவேளையில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலை முதுகுக்குத் தெற்கே ஒரு கல் குவாரி இருக்கிறது. குவாரியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு ரோடு. லாரி போகிற அகலம். வண்டித் தடத்திலிருந்து பிரிந்து, முகட்டைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மேய்ச்சல் வெளியில் நம் கோட்டோடு சேர்ந்துகொள்கிறது. ஏற்றம்கூட இல்லை, இறக்கம்தான். இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லையே என்று இருந்தது.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பல் டாக்டரம்மாவிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். சனிக்கிழமைக்குள் இரண்டு முழு செட் கொடுக்க வேண்டும், முடியவே முடியாது என்றுவிட்டார். வாண்டு கிளம்புவதும் சனிக்கிழமைதான்.

நாற்காலியில் உட்கார்ந்தே போட்டேன். பத்து இடத்தில் தொட்டால் கோடு தயார். லாரியே போகிறது, சைக்கிள் போகாதா? சாயங்காலம் வாண்டு குளிக்கப் போனபோது அவளுடைய ஜிபிஎஸ் கருவியில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

சொல்லவில்லை. சொன்னால், "நீ போன வழியில நான் போகக் கூடாதா"ன்னு ஆரம்பிப்பா. எதுக்கு வம்பு. அங்க போய்ப் பாத்தா நல்ல ரோடா இருக்கும், ஓட்டிட்டுப் போயிடுவா, அவ்வளவுதான். தெரியவே தெரியாது.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருக்கிறது. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

போய்விட்டாள். தெருமுனையில் திரும்பும்போது கையைக் காட்ட முயன்று, ஆடி, மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

அவள் போன் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் இருக்கிற இடத்தை அனுப்பும். வரைபடத்தில் நீலமாக ஒரு புள்ளி. காலையிலிருந்து அந்தப் புள்ளியோடுதான் குடித்தனம். புள்ளி கால்வாய்க் கரையில் நிற்கிறது. ஏன் நிற்கிறது? புள்ளி நகர்கிறது. ஏன் இவ்வளவு வேகமாக நகர்கிறது?

வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பேசினாள். ஒரு நாய் இரண்டு கிலோமீட்டர் துரத்தியதாம், கடைசியில் பிஸ்கட் போட்டதும் கூடவே ஓடி வந்ததாம். குரலில் ஒரே குஷி. கேட்டு முடித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று நான் சிரித்து.

மார்ச் 26, புதன்

செயின் அண்ணன் போன் பண்ணினார், வாண்டு எதுவரை போயிருக்கிறாள் என்று கேட்க. காட்டோரக் கடைசி ஊரைத் தாண்டிவிட்டாள், அதற்கப்புறம் சிக்னல் இல்லை என்றேன். "நாளைக்கு முதலை முதுகு, பலே" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். முடியவில்லை. குவாரி ரோட்டில் மாற்றிவிட்டதைச் சொன்னேன்.

கடையில் யாரோ டயருக்குக் காற்றடிப்பது மட்டும் கேட்டது.

"போய்ப் பாத்தியா?"

"இல்லண்ணே. லீவு கிடைக்கல."

"அந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பதினோரு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்: முதலில் படத்தின் தேதியைப் பார், அப்புறம் கோடு போடு. நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். ஆறு வருடப் பழசு. "குவாரி ஒரே இடத்துல நிக்குமாம்மா? தோண்டிக்கிட்டே போவான்" என்றார் அண்ணன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவளுக்கு எட்டு முறை அடித்தேன். எட்டு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே. செய்தி போட்டேன், குவாரி ரோட்டுல போகாதே போகாதேன்னு. போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? பெத்த பொண்ணை நானே — வேண்டாம், எழுத வேண்டாம்.

இவரிடம் சொன்னேன். எழுந்து தன் வேன் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். "கோடு எங்க போகுதோ அங்க போய் நிப்போம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், நீ ஏதாவது சாப்பிடு" என்றார்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டித் தடத்தில் வேன் போகாது. அதனால் அவளுக்குப் பின்னால் போய்ப் பிடிக்க வழியில்லை. மேய்ச்சல் வெளிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு குவாரிக்குப் போனோம். ஒன்பது மணி இருக்கும். குவாரியில் ஆளே இல்லை. வேலை நின்று போய் எத்தனை காலமோ, கதவு துருப்பிடித்துக் கிடந்தது. வேனை நிறுத்திவிட்டு விளிம்போடு சுற்றி, அவள் எந்தப் பக்கமிருந்து வர வேண்டுமோ அந்தப் பக்கம் நடந்து போனோம்.

ரோடு இருந்தது. அகலமாக, வெள்ளையாக, படத்தில் பார்த்த அதே ரோடு. இறக்கத்தில் வந்து, உடைகல் குவித்த ஒரு மேட்டைச் சுற்றித் திரும்புகிறது. திரும்பியதும் இல்லை. அறுத்தெடுத்த மாதிரி நின்றுபோய்விட்டது. கீழே எங்கேயோ பச்சையாகத் தண்ணீர். ஒரு தடுப்பு கிடையாது, ஒரு பலகை கிடையாது. மேட்டுக்கு இந்தப் பக்கம் வரும்வரை ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகு பாரம் ஏற்றிய சைக்கிளை நிறுத்த முடியாது.

இவர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் விளிம்புக்கு அவ்வளவு கிட்டே போனது எனக்கே தெரியவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பெரிய கற்களாகப் பார்த்து ரோட்டின் குறுக்கே அடுக்கினோம். இவர் தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி அதன் மேல் விரித்தார். பனியனோடு வெயிலில் நின்றார். காத்திருந்தோம். என் கணக்குப்படி பதினோரு மணிக்கு வர வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. வரவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாம வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டாளோ?

மண்டி போட்டு ரோட்டுப் புழுதியில் டயர் தடம் தேடினேன். இல்லை. கல்லும் சரளையுமாக இருக்கிற இடத்தில் தடம் எப்படித் தெரியும்? தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. பை மிதக்கிறதா என்று பார்த்தேன். ஆமாம், அதைத்தான் பார்த்தேன். பெத்தவ பாக்கக் கூடாததைப் பாத்துக்கிட்டு நின்னேன். இவர் அடுக்கிய கல்லையே மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் இவர் சிக்னல் கிடைக்குமா என்று மேட்டின் உச்சிக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார், போனை நீட்டிக்கொண்டு. இவர் கண் கலங்கியிருந்தது. எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"அம்மா, என்ன இத்தனை மெசேஜ்? நான் இப்பதான் இறங்கினேன். மேய்ச்சல் வெளியில இருக்கேன்."

"எதுலருந்துடி இறங்கினே?"

"முதலை முதுகுலருந்துதான்."

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று வேனில் போய் அவளைப் பார்த்தோம். அரை மணி நேரம்தான். முகம் கறுத்து, உதடு வெடித்து, முழங்காலில் ஒரு சிராய்ப்பு. நான் கட்டிப் பிடித்து அழுதேன். அவள் அழவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கோடு இரண்டும் அவளிடம் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் நான் சந்தோஷமாக அனுப்பியது போனில், நான் மாற்றியது ஜிபிஎஸ்ஸில். ஜிபிஎஸ் முதலை முதுகுக்குப் போகாமல் தெற்கே திருப்பவும், பிரிகிற இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"புதுக் கோடு ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா போச்சும்மா. நீ ஓட்டிட்டுப் போன கோடு அப்படி இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா ஆடிக்கிட்டே போகும். நீ தண்ணி குடிக்க நின்ன இடத்துல எல்லாம் கோடு அங்கேயே சுத்தி முடிச்சு விழுந்திருக்கும். இதுல ஒரு முடிச்சு இல்ல. நீ அங்க போகவே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நீ போன வழியில நான் போனேன்."

ரோடு எப்படி அறுந்திருக்கிறது என்று அவள் அப்பா சொன்னார். கேட்டுக்கொண்டாள். முகம் மாறியது. என்னைப் பார்த்து, "நீ பயந்தா பயந்துக்கோ. என்கிட்ட சொல்லாம மாத்துற வேலை வேண்டாம்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அப்புறம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வா என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மார்ச் 30

அந்தப் பக்கத்துத் தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்து ரோடு அறுந்திருப்பதைச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். குழுவுக்கும் எழுதிவிட்டேன், நான் செய்ததையும் சேர்த்து. செயின் அண்ணன் குவாரி ரோட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார், தன் செலவில்.

இரண்டு நாளாக அவள் பேசவில்லை. புள்ளி நகர்கிறது. நகர்ந்தால் சரி.

ஏப்ரல் 2, புதன்

புள்ளி கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படம் ஒன்று வந்தது. சைக்கிள் மணலில் படுத்திருக்கிறது. அவள் படத்தில் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முந்தாநாள் பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் தன் ஜிபிஎஸ்ஸை என் கம்ப்யூட்டரில் மாட்டி, "எல்லாம் சரியா பதிஞ்சிருக்கா பாரு" என்றாள். என்னோடு பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதலை முதுகில், மூன்றாவது படிக்குக் கீழே ஒரு பெரிய சிக்கல். நூல்கண்டு மாதிரி.

"இங்க இவ்வளவு நேரம் என்ன பண்ணினே?"

"அழுதேன்."

பிஸ்கட் சாப்பிட்டேன் என்பது போலச் சொல்கிறாள்.

"சைக்கிள் ஏறல. பையெல்லாம் கழட்டி ஒண்ணொண்ணா மேல கொண்டு போய் வெச்சேன். நடுவுல ஒருவாட்டி கீழ பாத்துட்டேன். அவ்வளவுதான், உக்காந்துட்டேன். எங்கம்மா சர்வசாதாரணமா போயிருக்கா, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு அழுகையா வந்துச்சு."

"சர்வசாதாரணமா? அங்கதான்டி நான் விழுந்தேன். எழுந்து நிக்கவே பயமா இருந்துச்சு. கை நடுங்கி நிக்கல."

திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள். "விழுந்தேன்னு தெரியும், கட்டு போட்டதே நான்தானே. பயந்தேன்னு நீ சொல்லவே இல்லையே. 'இறங்கித் தள்ள வேண்டும்'னு மட்டும் எழுதி வெச்சிருக்கே. ஏதோ வாழைப்பழம் உரிக்கச் சொல்ற மாதிரி."

அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டார்.

ஏப்ரல் 27

வாண்டு வெளியூருக்கு வேலையில் சேரப் போய்விட்டாள். கிளம்பும்போது, "மழை முடிஞ்சதும் வடக்குப் பக்கம் போகணும். நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றாள். நானா என்று கேட்டேன். "வேற யாரு?" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வடக்கு வழி, இரண்டாவது பகுதி பார்த்துவிட்டு வந்தேன். ஆற்றின் மேல் பழைய கம்பிப் பாலம். பலகைகள் சிலது இல்லை, நடக்க நடக்க ஆடுகிறது. வேறு வழி உண்டா என்று படத்தில் தேடினேன். தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகலாம். தேதி போட்டு அந்த வழியையும் தனியாகக் குறித்துவைத்தேன், இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று சேர்த்து. பாலத்தை எடுக்கவில்லை.

பாலத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் கை தானாக 'இறங்கித் தள்ள வேண்டும்' என்றே எழுதுகிறது. அழித்துவிட்டு எழுதினேன்: 'இங்கே எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. பாலத்துக்கு முன்னால் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பைகளைத் தனியாக, சைக்கிளைத் தனியாகக் கொண்டு போனேன்.'

வாண்டுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "உக்காந்த இடத்துல நிழல் இருக்காம்மா?"

இருக்கிறது என்று எழுதினேன்.